கலை வரலாறு படிக்காத கலை வரலாற்றாசிரியர்: ஆனந்த குமாரசுவாமி

சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகருக்கு அருகில் அமைந்துள்ள ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் வளாகத்தில், 2004ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராஜர் சிலை ஒன்று திறந்து வைக்கப்பட்டது. இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கிய அந்தச் சிலையின் அருகே பதிக்கப்பட்ட பலகையில், ஆடற்கோலத்தின் பொருளை விளக்குவதற்கு ஆனந்த குமாரசுவாமியின் சொற்கள் எடுத்தாளப்பட்டுள்ளன. அவை எழுதப்பட்டு அப்போது 92 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்தியக் கலையைப் பல்கலைக்கழகங்களில் படிப்போர் இன்றும் முதலில் சந்திக்கும் பெயர்களில் ஒன்று அவருடையது. ஆனால் அவர் கலை வரலாற்றில் எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிரந்தரப் பேராசிரியராக இருந்தவரும் அல்லர். லண்டனில் அவர் படித்தது நிலவியலும் தாவரவியலும். அந்நாளில் பிரிட்டனில் கலை வரலாற்றைப் பட்டப்படிப்பாகப் பயில வாய்ப்பும் இருக்கவில்லை. அதற்கென லண்டனில் கோர்ட்டால்ட் நிறுவனம் 1932ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1870களிலேயே இத்துறைக்குப் பேராசிரியரை நியமித்திருந்த போதிலும், அங்கு கற்பிக்கப்பட்ட கலை கிரேக்கத்திலும் இத்தாலியிலும் வேர்கொண்டதாகவே இருந்தது.

கொழும்பிலிருந்து கென்ட் வரை

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட செல்வாக்கு மிக்க தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். இலங்கைச் சட்டவாக்கச் சபையின் உறுப்பினர். லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராக ஏற்கப்பட்ட முதல் இந்து எனப் பெயர் பெற்றவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தவரும், தாயுமானவர் பாடல்கள் சிலவற்றை மொழிபெயர்த்தவரும் அவரே. பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் பிள்ளைகள். தாய் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். மகனின் பெயரில் நடுவே அமைந்த கென்டிஷ் என்ற சொல் அந்த ஊர்த் தொடர்பைக் குறிப்பது.

குழந்தையுடன் இங்கிலாந்து சென்ற மனைவியைப் பின்தொடர்ந்து புறப்படவிருந்த நிலையில், 1879ஆம் ஆண்டு மே மாதம் முத்து குமாரசுவாமி கொழும்பில் காலமானார். இதனால் ஆனந்த குமாரசுவாமி தந்தையை அறியாமலும் தமிழ்ச் சூழலுக்கு வெளியிலும் வளர்ந்தார். குளொஸ்டர்ஷயரில் பள்ளிக் கல்வியை முடித்து, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 1900ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பிறந்த மண்ணுக்கு அவரைத் திரும்ப அழைத்து வந்தது கலையோ சமயமோ அல்ல, கனிமங்களே.

இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக 1903 முதல் 1906 வரை அவர் பணியாற்றினார். தோரியம் செறிந்த தோரியனைட் என்ற கனிமத்தை அவர் கண்டறிந்தது 1904ஆம் ஆண்டில். இலங்கை நிலவியல் பற்றிய ஆய்வுகளுக்காக லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. அறிவியலாளராக மட்டும் அவர் நிலைத்திருந்தாலும் அந்தத் துறையின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாவது அவருக்குக் கிடைத்திருக்கும்.

ஆனால் கற்களைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது அவர் கண்ணில் பட்டவை வேறு. உலோகப் பணியாளர்கள், தந்தச் சிற்பிகள், நெசவாளர்கள், ஓவியர்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்ற குடும்பங்கள் வேலையின்றி நலிந்து கொண்டிருந்தன. கண்டி இராச்சியம் 1815இல் பிரிட்டிஷார் வசமானதோடு கலைஞர்களைத் தாங்கி நின்ற அரச ஆதரவு முறையும் சரிந்து விட்டது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கக் கோரிக் கண்டிப் பிரதானிகளுக்கு 1905ஆம் ஆண்டில் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறு ஆண்டில், இலங்கைக்குத் தனியாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கோரி அருணாசலம் உள்ளிட்டோர் அமைத்த சங்கத்திலும் பங்கேற்றார். அந்தக் கோரிக்கை முழுமையாக நிறைவேற 1942ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

களத்தில் திரட்டிய செய்திகளின் விளைவு, 1908ஆம் ஆண்டில் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூல். அதற்கான புகைப்படங்கள் பலவற்றை எடுத்தவர் அவருடைய முதல் மனைவி எத்தல். பிற்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறிக் கலைஞரானவர். வில்லியம் மோரிஸ் தமது புகழ்பெற்ற சாசர் பதிப்பை அச்சிட்ட அதே அச்சுப்பொறியில், குமாரசுவாமியின் மேற்பார்வையில் 425 பிரதிகள் மட்டும் கையால் அச்சிடப்பட்டன. சிங்களக் கைவினைக் கலை பற்றிய முதல் விரிவான ஆய்வை எழுதியவர் ஒரு தமிழரின் மகன் என்பது, இலங்கையின் பிற்கால வரலாற்றை அறிந்தோருக்கு வேறொரு காலத்தின் செய்தி போலத் தோன்றலாம். அவருக்கு அது இயல்பாக இருந்தது. நூலின் பின்னிணைப்பு போலல்லாமல், தென்னிந்தியக் கம்மாளர் மரபோடு உள்ள தொடர்பையும் அவர் அதில் மறைக்காமல் எடுத்துக்காட்டினார்.

அலங்காரமா, கலையா?

அந்நாளில் இந்தியக் கலையைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களிடம் நிலவிய கருத்தைப் புரிந்து கொள்ளாமல் அவருடைய பணியை மதிப்பிட முடியாது. துணி, நகை, பாத்திரம் போன்றவற்றில் இந்தியர் வல்லவர்கள். ஆனால் சிற்பமும் ஓவியமும் நுண்கலை என்ற நிலைக்கு அங்கே உயரவில்லை. இதுவே ஏற்கப்பட்ட கருத்து. இந்தியக் கைத்தொழில்களின் பெரும் ஆதரவாளரான சேர் ஜார்ஜ் பேர்ட்வுட்கூட இப்படித்தான் எழுதியிருந்தார். லண்டனில் கலைகளுக்கான அரச சங்கத்தில் 1910ஆம் ஆண்டு ஜனவரியில் ஈ.பி. ஹேவல் நிகழ்த்திய உரைக்குத் தலைமை வகித்த அவர், ஜாவாவின் தியான புத்தர் சிலை ஒன்றை அவித்த மாப்பண்டத்துக்கு ஒப்பிட்டுப் பேசியது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதற்கு எதிர்வினையாக அதே ஆண்டில் இந்தியா சங்கம் உருவாயிற்று. ஹேவல், ஓவியர் வில்லியம் ரொதன்ஸ்டைன் ஆகியோருடன் அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர்களில் குமாரசுவாமியும் ஒருவர்.

இது வெறும் ரசனைச் சண்டை அல்ல. ஒரு மக்களிடம் நுண்கலை இல்லை என்று சொல்வது, அவர்களிடம் சிந்தனை மரபு இல்லை என்று சொல்வதற்கு ஒரு படி மட்டுமே கீழானது. ஆளப்படுவதற்கான தகுதியின் ஆதாரமாகவும் அது பயன்பட்டது. இந்த அரசியலை அவர் நன்கு உணர்ந்திருந்தார். சுதேசி இயக்கக் காலத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் கொழும்பிலும் சென்னையிலும் நூல்களாக வெளிவந்தன. அந்நியத் துணியை மறுத்துவிட்டு, அந்நிய ரசனையை வைத்துக் கொள்வதில் பயனில்லை என்பதே அவற்றின் சாரம். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாருடன் நெருங்கிப் பழகிய அவர், 1910-11இல் அலகாபாத்தில் நடைபெற்ற பெரும் கண்காட்சியின் கலைப்பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அந்தக் காலகட்டத்தில்தான் வட இந்தியா முழுவதும் பயணம் செய்து சிற்றோவியங்களைச் சேகரித்தார்.

அந்தச் சேகரிப்பிலிருந்து பிறந்தது 1916ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளிவந்த 'ராஜபுத்திர ஓவியம்'. அதுவரை இந்தியச் சிற்றோவியங்கள் அனைத்தும் முகலாய அல்லது பாரசீக வழியின் கிளைகளாகவே வகைப்படுத்தப்பட்டு வந்தன. ராஜஸ்தானிலும் இமயமலை அடிவார இராச்சியங்களிலும் வரையப்பட்டவை தனி மரபைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டியவர் அவர். கலை வரலாற்றின் முதல் வேலை இதுதான்: எது எங்கே, எப்போது, எந்த வழியில் செய்யப்பட்டது என்று வகுப்பது. ஒரு நிலவியலாளர் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரிப்பதற்கும் இதற்கும் அதிக தொலைவு இல்லை.

தில்லையின் ஆடலும் தமிழ் நூல்களும்

அவரை உலகறியச் செய்தது ஒரு சிறு கட்டுரை. சிவபெருமானின் நடனம் பற்றிய அந்தக் கட்டுரை முதன்முதலில் 1912ஆம் ஆண்டில் வெளிவந்தது லண்டனிலோ பாரிசிலோ அல்ல; ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை சென்னையிலிருந்து நடத்தி வந்த சித்தாந்த தீபிகை என்ற ஆங்கில இதழில். உண்மை விளக்கம், திருமந்திரம், திருவருட்பயன் ஆகிய தமிழ்ச் சைவ நூல்களை ஆதாரமாகக் கொண்டு, நடராஜர் படிமத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் பொருள் கூறினார். உடுக்கை படைத்தலையும், அபய கரம் காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிப்பதாக விளக்கினார். சைவ மடங்களில் பயின்றவர்களுக்கு இவை புதியவை அல்ல. ஆனால் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் விசித்திரப் பொருளாக நின்ற ஒரு வெண்கலப் படிமத்தை, அதை உருவாக்கிய சமுதாயத்தின் நூல்களைக் கொண்டே படிக்க வேண்டும் என்பது ஆங்கில வாசகர்களுக்கு அன்று புதிது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரொடான், சென்னை அருங்காட்சியகத்தின் நடராஜர் படிமங்களைப் புகைப்படங்களில் கண்டு வியந்து எழுதினார். அவர் பார்த்தது உடலின் வளைவையும் ஒளியையும் அசைவையும். குமாரசுவாமி பார்த்தது பொருளை. கலை வரலாற்று மாணவர் இன்றும் கற்க வேண்டிய இரு பார்வைகள் இவை. இவ்விருவரின் எழுத்துகளும் 1921ஆம் ஆண்டில் பாரிசில் ஒரே தொகுதியில் இடம்பெற்றன. உருவத்தின் பொருளை நூல்களின் துணையுடன் தேடும் முறைக்கு ஜெர்மானிய அறிஞர் எர்வின் பானோவ்ஸ்கி 1939ஆம் ஆண்டில் முறையான இலக்கணம் வகுத்தார். பல்கலைக்கழகங்கள் அதை அவர் பெயரோடு இணைத்தே கற்பிக்கின்றன. அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சென்னை இதழில் அதன் செயல்முறை வெளிவந்திருந்தது.

பாஸ்டன் ஆண்டுகள்

தாம் சேகரித்த ஓவியங்களை இந்தியாவிலேயே வைத்திருக்க அவர் விரும்பினார். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்கப்பட்டால் முழுச் சேகரிப்பையும் வழங்குவதாக அறிவித்தார். பணம் திரளவில்லை. இதற்கிடையே முதல் உலகப்போர் மூண்டது. இந்தியா விடுதலை பெறாத நிலையில் பிரிட்டனுக்காகப் படையில் சேர இயலாது என்ற நிலைப்பாட்டை எடுத்த அவருக்கு இங்கிலாந்தில் தொடர்ந்து வாழ்வது கடினமாயிற்று. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் அறங்காவலரான டென்மன் ரோஸ் 1917ஆம் ஆண்டில் அந்தச் சேகரிப்பை வாங்கி அருங்காட்சியகத்துக்கு அளித்தார். ஓவியங்களுடன் அவற்றைத் திரட்டியவரும் சென்றார். அமெரிக்க அருங்காட்சியகங்களில் இந்தியக் கலைக்கென அமைந்த முதல் பிரிவின் காப்பாளராகப் பொறுப்பேற்று, இறக்கும் வரை 30 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

இந்த மாற்றத்தை இழப்பாகக் காண்போர் இந்தியாவில் உண்டு. ராஜபுத்திர ஓவியங்களின் முதன்மையான தொகுப்புகளில் ஒன்றை நேரில் காண ஜெய்ப்பூர் மாணவர் பாஸ்டன் செல்ல வேண்டியிருப்பது உண்மைதான். பழம்பொருள்கள் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்தியாவில் 1947ஆம் ஆண்டில்தான் வந்தது. எனினும், காசியில் அவருக்குக் கதவு திறந்திருந்தால் அவர் பாஸ்டனுக்குப் போயிருக்க மாட்டார் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பாஸ்டன் அவருக்கு நேரத்தைத் தந்தது. அருங்காட்சியகத்தின் இந்தியத் தொகுப்புகளுக்கு 1923 முதல் அவர் வெளியிட்ட விளக்கப் பட்டியல்கள் பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாயின. 1927ஆம் ஆண்டில் வந்த 'இந்திய, இந்தோனேசியக் கலையின் வரலாறு' நீண்டகாலம் பாடநூலாக விளங்கியது. புகைப்படத்தை ஒரு கலையாக ஏற்கத் தயங்கிய காலத்தில், ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்களை 1924ஆம் ஆண்டில் அந்த அருங்காட்சியகம் பெறச் செய்தவரும் இவர்தான் என்பதைப் பலர் அறிவதில்லை.

அதே 1927இல், அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர்களின் முதன்மை இதழில் புத்தர் திருவுருவின் தோற்றம் பற்றிய அவருடைய கட்டுரை வெளியாயிற்று. புத்தருக்கு மனித உருவம் கொடுத்தவர்கள் காந்தாரத்தில் கிரேக்க வழிவந்த சிற்பிகளே என்பது பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் ஃபூஷேயின் கொள்கை. மதுராவில், பழைய யட்சர் சிலைகளின் வழியிலேயே புத்தர் உருவம் தோன்றியிருக்கும் என்று குமாரசுவாமி வாதிட்டார். தேசியப் பெருமிதம் அவரை உந்தியிருக்கலாம். ஆனால் அவர் வாதிட்டது சிலைகளின் நிற்கும் முறை, தோள், ஆடை, கல்வெட்டு ஆகியவற்றைக் கொண்டே. கனிஷ்கரின் மூன்றாம் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் கல்வெட்டுடன் சாரநாத்தில் கிடைத்த, மதுராவில் செதுக்கப்பட்ட செந்நிறக் கல் உருவம் அவ்வாறான ஒரு சான்று. மதுராவின் பங்கைப் புறக்கணித்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது அதன் பிறகு இயலாததாகிவிட்டது.

1930களில் அவருடைய போக்கு மாறியது. சமஸ்கிருதம், பாலி, கிரேக்கம், லத்தீன் நூல்களில் மூழ்கினார். ஜெர்மானிய ஞானி மைஸ்டர் எக்கார்ட்டையும் இந்தியச் சிற்ப நூல்களையும் அருகருகே வைத்து, இடைக்கால ஐரோப்பாவும் ஆசியாவும் கலையை ஒரே விதமாகவே கருதின என்று நிறுவ முயன்றார். கலைஞன் தன்னை வெளிப்படுத்துபவன் அல்லன், பெயரற்ற தொழில் வல்லுநன் என்பது இக்காலத்தில் அவருடைய மையக் கருத்து. அடிக்குறிப்புகள் பக்கத்தை விழுங்கும் அந்தக் கட்டுரைகளைப் படிப்பது எளிதன்று.

மாணவர்கள் எழுப்பும் கேள்விகள்

பிற்காலத் தலைமுறை அவரை விமர்சனமின்றி ஏற்கவில்லை. பார்த்தா மிட்டர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இந்தியக் கலையை ஆன்மிகத்துக்குள் அடைப்பதும் அதைப் பழிப்பதைப் போலவே அதன் வரலாற்றை மறைக்கும் என்று வாதிட்டார். கலைஞர் பெயரற்றவர் என்ற கொள்கைக்கும் பெரும் சோதனை வந்தது. பி.என். கோஸ்வாமி ஹரித்துவாரில் புரோகிதர்கள் பேணிவரும் யாத்திரிகர் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்து, மலை இராச்சிய ஓவியர்களின் குடும்ப மரபுகளைப் பெயர்களுடன் மீட்டார். ஒரு குடும்பமே ஒரு பாணி என்று 1968ஆம் ஆண்டில் அவர் நிறுவியபோது, குலேர் ஊரின் நைன்சுக், மானகு போன்றோர் முகமுள்ள மனிதர்களாக வெளிப்பட்டனர். முகலாய, ராஜபுத்திர மரபுகளுக்கிடையே குமாரசுவாமி எழுப்பிய சுவரும் பெரிதும் தகர்ந்து விட்டது. ஓவியர்கள் ஓர் அரசவையிலிருந்து மற்றோர் அரசவைக்குச் சென்று வந்தனர் என்பது இன்று பாடநூல் செய்தி.

நடராஜர் கட்டுரையும் தப்பவில்லை. குமாரசுவாமியின் புத்தர் கட்டுரை வெளியான அதே இதழில், 1999ஆம் ஆண்டில் பத்மா கைமல் ஒரு கேள்வியை முன்வைத்தார். நடராஜர் படிமம் சோழ நாட்டில் பெருகியது செம்பியன் மாதேவியின் காலமான பத்தாம் நூற்றாண்டில். குமாரசுவாமி சான்றாகக் காட்டிய நூல்களுள் முக்கியமானவை பதின்மூன்றாம் நூற்றாண்டையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தவை. அப்படியானால் முதலில் அதை வார்த்தவர்களுக்கும் வழிபட்டவர்களுக்கும் அதே பொருள்தான் இருந்ததா? சுடலையில் ஆடும் அழித்தற் கடவுளாகவும், சோழர் குலத்தின் அடையாளமாகவும் அது முதலில் விளங்கியிருக்கக் கூடும் என்பது அவருடைய வாதம். ஒரு படிமத்தை அதன் காலத்து நூல்களைக் கொண்டு படிக்க வேண்டும் என்ற விதியே, அந்த விதியை முன்னின்று நடைமுறைப்படுத்தியவருக்கு எதிராகத் திரும்பியது. தேவாரப் பதிகங்களை அறிந்த வாசகர்கள் இருதரப்பிலும் சான்றுகள் காண இயலும். அதனால் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

சாதி அமைப்பைத் தொழிற்குழு ஒழுங்காக அவர் நியாயப்படுத்தியது வேறு வகைக் குறை. பிறப்பால் ஒரு தொழிலில் கட்டுண்டவரின் நிலையிலிருந்து அவர் அதைப் பார்க்கவில்லை. கைவினைஞரை இவ்வளவு மதித்த ஒருவரிடம் இந்தக் குருட்டுப் புள்ளி இருந்தது வியப்பளிக்கிறது.

நிறைவேறாத திரும்புதல்

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாஸ்டனில் அவருடைய 70ஆம் பிறந்தநாளையொட்டி நண்பர்கள் விருந்தளித்தனர். பணியிலிருந்து விலகி, மனைவியுடன் இந்தியா சென்று எஞ்சிய நாள்களை அமைதியாகக் கழிக்கப் போவதாக அவர் அங்கு தெரிவித்தார். சில வாரங்களுக்குள், செப்டம்பர் 9ஆம் தேதி, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நீதம் ஊரிலுள்ள இல்லத்தில் காலமானார். இந்தியா விடுதலை பெற்று அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இலங்கை விடுதலை பெற இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

அவரைப் பற்றி ஆராய விரும்பும் மாணவர் இன்று பல நாடுகளுக்குப் பயணப்பட வேண்டும். ஓவியங்கள் பாஸ்டனில் உள்ளன. கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. ரோஜர் லிப்சி எழுதிய வாழ்க்கை வரலாறும் அவர் தொகுத்த கட்டுரைகளும் 1977ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அதற்கு முன்பே, மலேசியாவில் வாழ்ந்த தமிழ் ஆசிரியர் எஸ். துரைராஜசிங்கம், எந்தப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவியும் இன்றி, குமாரசுவாமியை அறிந்தவர்களுக்கெல்லாம் பல்லாண்டுகள் கடிதம் எழுதி, கிடைத்த நினைவுகளையும் துணுக்குகளையும் திரட்டித் தாமே நூல்களாக வெளியிட்டு வந்தார். அந்தப் பிரதிகள் இப்போது பழைய நூல் விற்பனையாளர்களிடம் அரிதாகவே தென்படுகின்றன.